அரியலூரில் எவ்வளவு?

எங்கள் ஆபீஸில் மத்தியானம் ஒன்று பத்துக்கு டிபன் பாக்ஸைத் திறப்போம். ஒன்று பதினொன்றுக்கு பாக்ஸ் ஆபீஸைத் திறந்துவிடுவோம்.

பெரம்பலூரில் ஒரு அரசாங்க ஆபீஸ். எது என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பதினாலு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஆசாமி நான். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாலேயே வந்து, ஆபீஸ் படியேறும்போது தலையைத் தட்டினால் கால் மூட்டை சிமென்ட்டுக்கு ஆகும்.

தபால் செக்‌ஷனில் ஒரு தம்பி. தன் சம்பளத்தில் என்னென்ன பிடித்தம் என்று கேட்டால் தலையைச் சொறிவான். ரஜினி படம் மலேசியாவில் முதல் நாள் எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வான். 2025 ஆகஸ்ட்டில் ஒருநாள் சாம்பார் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, மகாவதார் நரசிம்மா! ஜூலை 25 ரிலீஸ். முதல் நாள் இந்தியா முழுக்கச் சேர்த்தே ரெண்டு கோடிகூட இல்ல. இப்ப நூறு கோடியைத் தாண்டி ஓடிட்டு இருக்கு!"

சூப்பிரண்டென்ட் ஊறுகாய் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹீரோ யாருய்யா?" என்றார்.

"ஹீரோவே கிடையாது ஸார். பொம்மைப் படம்."

"பொம்மைக்கா நூறு கோடி? அப்ப கோச்சடையானுக்கு என்ன கேடு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் இருக்கிறது.

2014 மே 23. கோச்சடையான் ரிலீஸ். மே 9 என்று சொல்லி, தள்ளிப் போட்டு, அப்புறம் வந்தது. ரஜினி, தீபிகா படுகோன், ஏ.ஆர்.ரஹ்மான், கே.எஸ்.ரவிகுமார் கதை, சௌந்தர்யா டைரக்‌ஷன். 2009-ல் இறந்துபோன நாகேஷைக்கூட கம்ப்யூட்டரில் எழுப்பிக் கொண்டுவந்து நடிக்க வைத்திருந்தார்கள். இத்தனை இருந்தால் எவன்தான் பந்தயம் கட்ட மாட்டான்? 'எந்திரனைத் தாண்டும், தாண்டாவிட்டால் செக்‌ஷன் முழுக்கச் சிக்கன் பிரியாணி' என்று நான் கட்டினேன். பதினோரு பிளேட். தலைவர் வருவார் என்று போனால், தலைவர் மாதிரி ஒருவர் வந்தார். விசிலை வாய் வரைக்கும் கொண்டுபோன ரசிகன், இவருக்கு அடிப்பதா வேண்டாமா என்று யோசித்த அந்த ஒரு விநாடியில் படம் போய்விட்டது. போட்ட பணம் திரும்பவில்லை. எனக்கும்தான்.

இதற்கு முன்னாலும் பொம்மைப் படம் தமிழில் வராமல் இல்லை. 2007-ல் 'இனிமே நாங்கதான்' என்று முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் பொம்மைகள் நடித்த படம், இளையராஜா மியூசிக்கோடு வந்தது. எங்கள் செக்‌ஷனில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். 'எந்த டீக்கடையில ஸார்?' என்றார் பியூன்.

"உலகக் கணக்கைப் பாருங்க" என்று தம்பி செல்லை எடுத்தான். "சீனாவுல நெஜா ரெண்டாம் பாகம், 2025 ஜனவரி கடைசியில, அவங்க புத்தாண்டு லீவுக்கு வந்துச்சு. இருநூறு கோடி டாலருக்கு மேல! கார்ட்டூன் படத்துல அந்தக் கோட்டைத் தாண்டின முதல் படம் அதுதான். அதுலயும் பெரும்பங்கு சீனாவுக்குள்ளயே வந்தது. அதுக்கு முந்தின வருஷம் வந்த இன்சைட் அவுட் ரெண்டாம் பாகம் நூத்தி அறுபத்தொன்பது கோடி டாலர்."

"ரூபாயில சொல்லுய்யா."

"சொன்னா உங்களுக்குச் சாப்பாடு இறங்காது ஸார்."

டைப்பிஸ்ட் அக்காதான் விஷயத்துக்கு வந்தார். "இதுல என்ன அதிசயம்? சண்டைப் படம்னா எங்க வீட்டுக்காரர் மட்டும் போவார், ஒரு டிக்கெட். பொம்மைப் படம்னா சின்னவன் தனியாப் போவானா? நான், அவர், பெரியவ, மாமியார். அஞ்சு டிக்கெட், அஞ்சு பாப்கார்ன். மறுநாள் ஸ்கூல்ல போய் கதை சொல்லுவான். அங்கேருந்து இன்னும் நாலு வீடு கிளம்பும்."

பெரிய கம்பெனிக்காரர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு கண்டுபிடித்த சமாசாரத்தை அக்கா தயிர் சாதத்தைப் பிசைந்தபடி சொல்லிவிட்டார். ஹீரோ படம் முதல் மூன்று நாளில் கறந்து, திங்கட்கிழமை மடி வற்றிவிடும். குழந்தைப் படம் முதல் நாள் சோம்பலாக எழுந்திருக்கும். சனி, ஞாயிறு வந்தால் நிமிரும். ஒரு நாள் லீவு கிடைத்தால் மறுபடி நிமிரும். நரசிம்மா அப்படித்தான் போனது. கடைசியில் முந்நூறு கோடியைத் தாண்டி, இந்தியாவில் எடுத்த கார்ட்டூன் படங்களிலேயே அதிக வசூல் என்று பெயர் வாங்கியது. அதில் பெரும்பங்கு இந்தியிலிருந்து, அடுத்தது தெலுங்கு. தமிழ் ரொம்பப் பின்னால்.

இந்தக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சாயங்காலம் அரியலூர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அப்பா. எழுபத்தாறு வயசு. பக்கத்தில் ஒண்ணாம் வகுப்பு படிக்கிற என் பெண். (கல்யாணம் முப்பத்தேழில். அது தனிக் கட்டுரைக்கு ஆகும்.)

"நரசிம்மர் படம் நூறு கோடியைத் தாண்டிடுச்சுப்பா" என்றேன், ஏதோ நான் புரொட்யூஸ் பண்ணியது மாதிரி.

அப்பா காதைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அரியலூர்ல எவ்வளவு?"

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அரியலூரில் ஒரு தியேட்டரில் புக்கிங் கிளார்க்காக இருந்தவர். தியேட்டர் இப்போது இல்லை, கல்யாண மண்டபமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேர் வேண்டாம். சினிமாக்காரர்கள் கணக்கில் நாங்கள் டி.டி. ஏரியா, அதாவது திருச்சி-தஞ்சாவூர். அதிலும் சி சென்டர். மெட்ராஸில் நூறாவது நாள் ஷீல்டு கொடுத்து, திருச்சியில் ஓடி முடித்து, ரீலெல்லாம் மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிறகுதான் பொட்டி எங்களுக்கு வரும்.

ஷோ முடிந்ததும் அப்பா டி.சி.ஆர். எழுதுவார். தினசரி வசூல் கணக்கு. பெஞ்சு எத்தனை, சேர் எத்தனை, பால்கனி எத்தனை, எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரைக்கும் டிக்கெட் கிழிந்தது, கேளிக்கை வரி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். விநியோகஸ்தர் தரப்பிலிருந்து 'ரெப்' என்று ஒருவர் வந்து லாட்ஜில் தங்கியிருப்பார். அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இன்று கோடி, பில்லியன் என்று செல்லில் மின்னுகிற எல்லா நம்பரும் ஏதோ ஒரு ஊர் கவுன்ட்டரில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து எண்ணியதுதான்.

எங்கள் தியேட்டர் கவுன்ட்டருக்கு ஒரு மரக்கட்டை உண்டு. பணத்தை வைக்கிற கட்டை. குழந்தையின் தலை கட்டைக்கு மேலே தெரிந்தால் டிக்கெட். தெரியாவிட்டால் மடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. இதுதான் சட்டம். விளைவு, அரியலூரில் ஒரு தலைமுறையே முழங்காலை மடக்கி நடந்தது. பன்னிரண்டு வயசுப் பையன்கள் மீசை அரும்பின முகத்தோடு வாத்து மாதிரி கவுன்ட்டரைக் கடந்து போவார்கள். அப்பா பார்க்காத மாதிரி சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார்.

1990 முழுப் பரீட்சை லீவில் 'ராஜா சின்ன ரோஜா' வந்தது. 1989 ஜூலையில் வெளியான ஏவி.எம். படம், எஸ்.பி.முத்துராமன் டைரக்‌ஷன். அதில் ஒரு பாட்டு முழுக்க ரஜினியும் கௌதமியும் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு காட்டில் சுற்றுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே இல்லை. டி.வி. இருந்த வீட்டை விரல்விட்டு எண்ணக்கூடிய தெருவில், நிஜ ரஜினிக்குப் பக்கத்தில் வரைந்த யானை நடந்து வந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்! எங்கள் மண்ணில் டைனோசரே உண்டு. 2009-ல் செந்துறைப் பக்கம் கொத்துக் கொத்தாக முட்டை கிடைத்தது என்று பேப்பரில் வந்தது. அந்தப் பக்கம் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருஷத்து மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதையெல்லாம் எந்தப் பையனும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டுக்கு மட்டும் சுற்றுப்பட்டிலிருந்து சைக்கிள் பாரில் ரெண்டு, கேரியரில் ரெண்டு என்று வந்து இறங்கினார்கள். கல் உடைக்கிற ஆட்கள், லாரியில் லோடு ஏற்றுகிற ஆட்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட், கூட நாலு உருப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஷோவில் ரெப் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தலையை எண்ணிவிட்டார். டி.சி.ஆரில் இருந்ததைவிட 68 தலை அதிகம்.

டிக்கெட் கொடுக்காமலேயே காசை வாங்கிப் போட்டுக்கொண்டார் அப்பா என்று முடிவாகிவிட்டது. இடைவேளையில், முறுக்குக் கடைக்கு முன்னால் வைத்து மேனேஜர் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டது. 68 டிக்கெட்டுக்கு உண்டான பணம் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டுமில்லை, படம் ஓடின நாள் அத்தனைக்கும் பெருக்கிப் பிடித்தார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அப்பாவைக் கவுன்ட்டரிலிருந்து தூக்கி சைக்கிள் ஸ்டாண்டில் போட்டார்கள். தியேட்டர் மூடுகிற வரைக்கும் அங்கேதான் டோக்கன் கிழித்தார். அப்புறம் எந்தத் தியேட்டர் வாசலையும் அவர் மிதித்ததில்லை.

ஸ்கூலில் எனக்குப் பெயர் 'அறுபத்தெட்டு'. அட்டெண்டன்ஸில் என் நம்பர் பதினேழு. 'அறுபத்தெட்டு, பந்தை எடுத்துப் போடுறா.' பத்தாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை.

அப்பா அந்தக் காசை எடுத்தாரா? நான் கேட்கவில்லை. பத்து வயசில் பயம். இருபது வயசில் கோபம். வேலை கிடைத்து, நாலு பேரின் பைலைப் பார்த்துப் பழகின பிறகு, 'சரி, அஞ்சுக்கும் பத்துக்கும் யார்தான் கை நீட்டலை' என்று மனசுக்குள் நானே மன்னித்துவிட்டேன். எடுத்திருப்பார் என்று முடிவு கட்டின பிறகுதானே மன்னிப்பு? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திண்ணைக்கு வருகிறேன்.

"அரியலூர் கணக்கு யாருக்குப்பா தெரியும்? உலகக் கணக்கு கேளுங்க" என்று செல்லைத் தட்டினேன். "லயன் கிங்னு ஒரு சிங்கப் படம். 1994-ல கார்ட்டூன். அமெரிக்காவுல மட்டும் முதல் ரவுண்டுல முப்பத்தொரு கோடி டாலர். அதையே 2019-ல நிஜ சிங்கம் மாதிரி கம்ப்யூட்டர்ல வரைஞ்சாங்க. தமிழ்ல சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர்னு எல்லாரும் குரல் கொடுத்தாங்களே, பாப்பாவுக்குக்கூட செல்லுல போட்டோமே. அது அமெரிக்காவுல ஐம்பத்துநாலு கோடி. உலகம் முழுக்க நூத்தி அறுபத்தஞ்சு கோடிக்கு மேல. எது ஹிட்டு?"

"அப்ப டிக்கெட் என்ன விலை?"

தேடினேன். "1994-ல சராசரி நாலு டாலர் சொச்சம். 2019-ல ஒன்பது டாலர் சொச்சம்."

அப்பா கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. "பழசு ஏழு கோடி டிக்கெட்டுக்கு மேல. புதுசு ஆறுக்கும் கொஞ்சம் கம்மி. அவங்க ஊர்ல பழசுதான் ஜாஸ்தி பேர் பார்த்திருக்கான். நீ பணத்தை எண்ணினா எப்பவும் புதுசுதான்டா ஜெயிக்கும். விலை ஏறிக்கிட்டே போகுதில்ல?"

செல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட வந்தது. 1937-ல் வந்த ஸ்னோ ஒயிட்டைச் சொன்னேன். அப்போது அமெரிக்காவில் டிக்கெட் சராசரி கால் டாலர்கூட இல்லை. "பார்த்தியா, அதுல பாதிப் பேர் குழந்தையாத்தான் இருக்கும், இன்னும் கம்மி விலை. அந்தத் தலையெல்லாம் எந்தக் கணக்குல வரும்?" என்றவர், எழுந்து உள்ளே போனார்.

டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய டைரி. ஏதோ உரக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. அட்டை போயிருந்தது.

"அரியலூர்ல எவ்வளவுன்னு கேட்டா, இப்படிச் சொல்லணும்" என்று நீட்டினார்.

படத்தின் பெயர், தேதி, ஷோ, வசூல். எல்லாம் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் 'சி' என்று போட்டு ஒரு நம்பர். சி 12. சி 9. சண்டைப் படமென்றால் சி 4. ராஜா சின்ன ரோஜா பக்கத்தில் மட்டும் சி 41, சி 53, சி 60 என்று ஏறிக்கொண்டே போனது.

"சி-ன்னா என்னப்பா?"

"சில்லறை."

"என்ன சில்லறை?"

"டிக்கெட் இல்லாம உள்ளே போன பசங்க. கட்டைக்கு மேலே தலை தெரிஞ்சும் நான் விட்டது. மடிப்பிள்ளை இதுல சேராது. கல்லு உடைக்கிறவன் நாலு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, மடியில முடிஞ்ச காசை ரெண்டு தரம் எண்ணுவான். ரெண்டு பிள்ளையை வெளியில நிறுத்திட்டு ரெண்டை உள்ளே கூட்டிட்டுப் போகச் சொல்றதா? போடான்னுருவேன்."

"எதுக்கு எழுதி வச்சீங்க?"

"கணக்குன்னா எழுதணும்ல."

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "இதை அன்னைக்கே மேனேஜர்கிட்ட காட்டியிருக்கலாமே!"

அப்பா சிரித்தார். "காட்டினா? காசு எடுக்கலைன்னு நான் சொல்லலாம். ஆளை விடலைன்னு சொல்ல முடியாதே. நோட்டுப் போட்டு எழுதி வச்சே ஏமாத்தியிருக்கான்னு அன்னிக்கே வெளியில அனுப்பியிருப்பாங்க. சைக்கிள் ஸ்டாண்டு வேலையும் கிடைச்சிருக்காது. உனக்கு அப்ப ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்."

முப்பத்தைந்து வருஷம். ஒரே வீடு. அந்தப் பெட்டி மேல்தான் என் இஸ்திரிச் சட்டையை மடித்து வைப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன். இருந்தது. சாயங்கால ஷோ. வசூலுக்குப் பக்கத்தில்: சி 67.

ஆபீஸ் புத்தி எங்கே போகும்? அந்த நேரத்திலும் கேட்டுவிட்டேன். "ரெப் 68 சொன்னார். இதுல 67 இருக்கு. ஒண்ணு உதைக்குதே?"

அப்பா டைரியை வாங்கி மூடினார்.

"அது நீ. உன்னை எப்படிடா சில்லறையில எழுதறது?"

பாப்பா, "சில்லறைன்னா காசுதானே தாத்தா?" என்றாள். நான் எழுந்து போய்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நல்ல புழுக்கம் அன்றைக்கு.

அடுத்த சனிக்கிழமை பெரம்பலூருக்கு மூன்று டிக்கெட் போட்டேன். 'நான் எதுக்குடா' என்று அப்பா ரெண்டு நாள் முரண்டு பிடித்தார். பாப்பா போய் அழுதாள், வேஷ்டி மாற்றிக்கொண்டார். பஸ்ஸில் வழி நெடுக மக்காச்சோளக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், தியேட்டர் வாசலில் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "கவுன்ட்டர் எங்கே?"

"செல்லுலயே எடுத்தாச்சுப்பா."

"அப்ப கட்டை?"

இல்லை. கேட்டில் நின்ற பையன் என் செல்லைப் பார்த்து மூன்று தலையை எண்ணி உள்ளே விட்டான். பாப்பாவை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கென்று முழு டிக்கெட் எடுத்த சீட்டில் எங்கள் பை உட்கார்ந்து படம் பார்த்தது. அவள் தாத்தா மடியை விட்டு இறங்கவே இல்லை.

படம் எப்படி என்கிறீர்களா? முன்பாதியில் கொஞ்சம் நெளிந்தேன். அந்தப் பொம்மைகள் நடக்கிறபோது எனக்குக் கோச்சடையான் பிரியாணி ஞாபகம் வந்தது. ஆனால் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வந்தார் பாருங்கள், எங்களுக்கு முன் வரிசை அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ரஜினி மாதிரி ஒருவர் வந்தால் ரஜினி எங்கே என்று தேடுகிறோம். நரசிம்மரை யாரும் நேரில் பார்த்ததில்லை, அதனால் வரைந்தவரே அசல். தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று முடிந்துகொண்டேன்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. நரசிம்மர் கர்ஜிக்கிற நேரத்தில், அந்த வெளிச்சத்தில், பின்பக்கம் திரும்பி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரிந்தது. நானும் திரும்பி எண்ணினேன்.

திங்கட்கிழமை ஒன்று பதினொன்று. "என்னண்ணே, பெரம்பலூர்ல எப்படி?" என்றான் தம்பி.

"தலை நூத்தி நாப்பத்திரண்டு. அதுல பசங்க நாப்பது."

"கலெக்‌ஷன் எவ்வளவுண்ணே?"

"தெரியாது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த டைரியைப் புரட்டினேன். கடைசியாக எழுதின பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நடுங்கின கையெழுத்தில் புதுசாக ஒரு வரி. பெரம்பலூர், சாயங்கால ஷோ, தலை 142, சி 39.

ஒன்று உதைக்கிறது. நான் கேட்கவில்லை.